இருபது கட்டளை தெரிந்தால் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ள முடியுமா?

கேள்வி: பிப்ரவரி 4, 2024

சொந்தக் கணினியில் இரண்டு வருடமாக உபுண்டு என்ற லினக்ஸ் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் சர்வர்களைக் கவனித்துவந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். "உனக்குத்தான் லினக்ஸ் தெரியுமே" என்று சொல்லி டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் இரண்டு சர்வர்களின் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) கடவுச்சொல் எழுதிய தாளை என் கையில் திணித்துவிட்டார்கள். அடிப்படைக் கட்டளைகள் இருபதை அச்சிட்டு மேசையில் ஒட்டியிருக்கிறேன். இதை மனப்பாடம் செய்தால் சமாளித்துவிடலாம் என்கிறான் நண்பன். சரிதானா?

இன்னொன்று. முந்தையவர் கிரான்டேபில் (குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியல்) ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். தினமும் அதிகாலை 3.40க்கு அலுவலகச் செயலியை நிறுத்தி மறுபடி தொடங்குகிறது. அதற்கு மேல் "தொடாதே" என்று ஒரு குறிப்பு. காரணம் எழுதவில்லை.

பிப்ரவரி 4, இரவு

சரியில்லை. ஆனால் உங்கள் நண்பர் நினைப்பதற்கு நேர் எதிரான காரணத்தால். இருபது அதிகம். பதினெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளைக்கு என்னென்ன விருப்பங்கள் என்று இன்றும் கையேட்டைத் திறந்துதான் பார்க்கிறேன். கட்டளையைக் கையேட்டில் தேடிக்கொள்ளலாம். இந்தக் கணினியில் என்ன ஓடுகிறது, யார் அதை நம்பியிருக்கிறார்கள் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு பார்த்து எழுதுங்கள். சிஸ்டம்சிடிஎல் என்னென்ன சேவைகளைக் காட்டுகிறது, 'எஸ்எஸ் -டிஎல்என்பி' எந்தெந்தப் போர்ட்டுகளில் யார் காத்திருப்பதாகச் சொல்கிறது, எந்த வட்டு எந்த அடைவில் மவுண்ட் ஆகியிருக்கிறது (இணைக்கப்பட்டிருக்கிறது), யார் யாருக்கு சுடோ (ரூட் அதிகாரத்தை இரவல் வாங்கும் கட்டளை) இருக்கிறது, யாருடைய கிரான்டேபில் என்ன இருக்கிறது, பேக்கப் எங்கே போகிறது. கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் மற்றதை விட்டுவிட்டு அதையே முதலில் தேடுங்கள்.

ரூட்டாக நேரடியாக நுழைவதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் பெயரில் ஒரு கணக்கு, தேவைப்படும்போது மட்டும் சுடோ. யார் எப்போது என்ன செய்தார்கள் என்று சுடோ பதிவு வைக்கும். ஆறு மாதம் கழித்து "யார் இதைச் செய்தது" என்று தேடினால் பெரும்பாலும் நம் பெயர்தான் வரும்; அதுவும் தெரிந்திருப்பது நல்லது.

அந்த 3.40 வரியை நோட்டில் எழுதிக்கொண்டு அப்படியே விட்டுவிடுங்கள். "தொடாதே" என்று எழுதியவர் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர். ஏன் சுட்டது என்று எழுதச் சோம்பல் பட்டிருக்கிறார்.

பெருமைக்காக ஒன்று: என் பொறுப்பில் உள்ள ஒரு சர்வர் இன்றோடு 412 நாட்களாக மறுதொடக்கம் இல்லாமல் ஓடுகிறது.

பிப்ரவரி 6

"அனுமதி மறுக்கப்பட்டது" என்று உங்களுக்கு வந்ததாம். தேடியதில் 'சிஎச்மாட் 777' (அனுமதியை மாற்றும் கட்டளை) என்று கிடைத்ததாம். போட்டதும் வேலை செய்ததாம். செய்யாமல் என்ன? சாவி பொருந்தவில்லை என்று கதவையே கழற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் போய் வரலாம்தான். (மாற்றாதீர்கள் என்று சொல்லி இரண்டு நாள்தான் ஆகிறது. பரவாயில்லை, நானும் இந்த வயதில் கேட்டிருக்க மாட்டேன்.)

எண்ணைப் பிரித்துப் பாருங்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லாருக்கும். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்றவர்கள் படிக்கலாம், அவ்வளவுதான். கோப்பு வரை இது சுலபம். அடைவுக்கு வரும்போதுதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். அடைவில் அந்த 1 என்பது உள்ளே புகுந்து கடந்துபோகும் உரிமை. கோப்பு 644ஆக இருந்தும் வலை சர்வரால் அதைப் படிக்க முடியவில்லை என்றால், மேலே ஏதோ ஓர் அடைவில் அந்த 1 இல்லை. 'நேம்ஐ -எல்' என்று அடித்துக் கோப்பின் முழுப் பாதையையும் கொடுங்கள். உச்சி அடைவிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். எந்தப் படியில் வழி அடைபட்டிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். அந்த ஒரு படியை மட்டும் சரிசெய்யுங்கள்.

777இன் பலனை நான் பட்டே தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏதோ ஒரு கோப்பைத் திறக்க முடியவில்லை என்று என் இல்ல அடைவு முழுவதற்கும் 777 போட்டுவிட்டு மாலையில் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) என்னை உள்ளே விடவில்லை. சாவிக்கோப்பு அதே இடத்தில் இருக்கிறது, ஓர் எழுத்துகூட மாறவில்லை. இல்ல அடைவிலோ சாவிகள் இருக்கும் அடைவிலோ வேறு யாரும் எழுத முடியும் என்றால் எஸ்எஸ்எச் சர்வர் அந்தச் சாவியை நம்பாது. வேறு எவனோ தன் சாவியை அங்கே செருகியிருக்கலாம் அல்லவா? அதன் சந்தேகம் நியாயமானது. என் திரையில் வந்தது "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி. உண்மையான காரணம், உரிமையும் அனுமதியும் சரியில்லை என்று, சர்வரின் லாக்கில் (பதிவேட்டுக் கோப்பு) எழுதியிருந்தது. அதைப் படிக்க சர்வர் அறைக்கு நடந்துபோய் விசைப்பலகையை மாட்ட வேண்டியதாயிற்று.

இல்ல அடைவு 755 அல்லது 700, சாவி அடைவு 700, சாவிக்கோப்பு 600. இன்றே பழைய நிலைக்குத் திருப்புங்கள்.

பிப்ரவரி 7

கோப்பு ரூட்டுக்குச் சொந்தமானதாக இருந்தும் சாதாரணப் பயனர் அதை எப்படி அழித்தார் என்று கேட்டீர்கள். அழிப்பது அடைவில் செய்யும் வேலை. அடைவில் எழுதும் உரிமை இருந்தால் அதிலுள்ள எந்தப் பெயரையும் அழிக்கலாம், கோப்பு யாருடையதாக இருந்தால் என்ன.

பிப்ரவரி 7, சற்றுப் பிறகு

அவசரப்பட்டுவிட்டேன். எழுதும் உரிமை மட்டும் போதாது, கடக்கும் உரிமையும் வேண்டும். இதற்கு விதிவிலக்கும் உண்டு: /டிஎம்பி அடைவின் அனுமதி 1777. முன்னால் நிற்கும் அந்த 1தான் ஸ்டிக்கி பிட். எல்லாரும் எழுதலாம், ஆனால் அவரவர் கோப்பை அவரவர்தான் அழிக்க முடியும், ரூட்டையும் அந்த அடைவின் உரிமையாளரையும் தவிர.

பிப்ரவரி 11

வட்டு நிறைந்துவிட்டது, செயலி நின்றுவிட்டது, டிஎஃப் (வட்டில் நிரம்பிய இடத்தைச் சொல்லும் கட்டளை) 100 சதவீதம் என்கிறது, ஆனால் டியூ (கோப்புகளின் அளவைக் கூட்டும் கட்டளை) போட்டுக் கூட்டினால் 40 ஜிபி குறைகிறது. பெரிய லாக் கோப்புகளை அழித்தும் ஒரு பைட்கூடத் திரும்பவில்லை. "வட்டு பொய் சொல்கிறதா?" இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் என்று சொல்லலாம்.

வட்டு பொய் சொல்லவில்லை. லினக்ஸில் பெயர் வேறு, கோப்பு வேறு. பெயர் என்பது அடைவில் உள்ள ஒரு வரி. அது ஓர் ஐநோட்டைச் சுட்டுகிறது. கோப்பின் அளவு, உரிமையாளர், தரவு வட்டில் எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் ஐநோட்டில் இருக்கிறது. 'ஆர்எம்' போட்டால் பெயர் போகும். கடைசிப் பெயரும் போய், அதைத் திறந்து வைத்திருக்கும் கடைசி நிரலும் மூடிய பிறகுதான் இடம் திரும்பக் கிடைக்கும். உங்கள் செயலி அந்த லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, பெயரில்லாத கோப்பில் இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறது. டியூ பெயர்களை வைத்து எண்ணுகிறது. டிஎஃப் கோப்புமுறைமையையே கேட்கிறது. அதனால்தான் கணக்கு இடிக்கிறது.

'எல்எஸ்ஓஎஃப் +எல்1' (1க்கு முன் பெரிய எழுத்து எல்) என்று அடியுங்கள். பெயரை இழந்தும் திறந்திருக்கும் கோப்புகள் மட்டும் வரும். நிரலின் பெயர், பிராசஸ் எண், அளவு, வரியின் கடைசியில் 'டெலிட்டட்' என்ற சொல். அளவைப் பாருங்கள், உங்கள் 40 ஜிபி அங்கே உட்கார்ந்திருக்கும். அந்தச் செயலியை மறுதொடக்கம் செய்தால் அடுத்த நொடி டிஎஃப் இறங்கும்.

இனி வராமலிருக்க, பழைய லாக்கை ஒதுக்கிப் புதியது தொடங்கும் லாக்ரொடேட்டைச் சரிசெய்யுங்கள். லாக்கைச் சுழற்றியதும் செயலிக்குச் சொல்லி அனுப்பும் பகுதி ஒன்று அதில் உண்டு. பெரும்பாலான சேவைகள் ஹெச்யூபி சமிக்ஞை வந்தால் பழைய கோப்பை விட்டுப் புதியதைத் திறந்துகொள்ளும். உங்கள் செயலிக்கு அந்தப் பழக்கம் இல்லையென்றால் 'காப்பிட்ரன்கேட்' போடுங்கள். அது நகலெடுத்துவிட்டு அதே கோப்பை இருந்த இடத்திலேயே காலியாக்கும். நடுவில் ஓரிரு வரிகள் தவறலாம்.

பிப்ரவரி 11, நள்ளிரவு

படுக்கப் போனவன் எழுந்து வந்து எழுதுகிறேன். வட்டு நிறைவது இந்த ஒரு வழியில் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

டிஎஃப் பாதி காலி என்கிறது, ஆனால் இடமில்லை என்று பிழை வருகிறது: 'டிஎஃப் -ஐ' பாருங்கள், ஐநோட் தீர்ந்திருக்கும். எக்ஸ்ட்4 என்ற கோப்புமுறைமையில் இயல்பாக 16 கேபிக்கு ஒரு ஐநோட்தான் ஒதுக்கப்படுகிறது. ஒரு கேபி அளவில் லட்சக்கணக்கில் செஷன் கோப்புகளைக் கொட்டும் செயலி இருந்தால் இடம் இருக்கும், ஐநோட் இருக்காது.

ரூட்டால் எழுத முடிகிறது, மற்றவர்களால் முடியவில்லை: எக்ஸ்ட்4 இயல்பாக 5 சதவீதத்தை ரூட்டுக்கு ஒதுக்கி வைக்கிறது. ஒரு டிபி தரவு வட்டில் அது 50 ஜிபி. 'ட்யூன்2எஃப்எஸ் -எம்' கொண்டு குறைக்கலாம். சிஸ்டம் இருக்கும் வட்டில் மட்டும் கைவைக்காதீர்கள்.

மூன்றாவது எனக்கே நேர்ந்தது. பேக்கப் வட்டு ஒருநாள் மவுண்ட் ஆகவில்லை. நிரல் கவலைப்படாமல் அதே அடைவில், அதாவது சிஸ்டம் இருக்கும் வட்டில், எழுதித் தள்ளியது. பிறகு வட்டு மவுண்ட் ஆனதும் அந்தக் கோப்புகளெல்லாம் அதன் அடியில் மறைந்துவிட்டன. டியூவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு நாள் தலையைச் சொறிந்தேன்.

பிப்ரவரி 20

ஓடும் நிரலை நிறுத்த 'கில் -9' போடலாமா என்று சண்டை போடத் தேவையில்லை. எண் எதுவும் கொடுக்காமல் கில் போட்டால் போவது 15: "முடித்துக்கொள்" என்ற வேண்டுகோள். நிரல் கோப்பை எழுதி முடித்து, பூட்டுகளை அவிழ்த்து, மரியாதையாக வெளியேறும். 9 நிரலின் காதுக்கே போகாது; லினக்ஸின் மையமான கர்னலே அதை முடித்துவிடும். தரவுத்தளத்துக்கு 9 போடுபவர் அடுத்து அது எழும்போது எவ்வளவு நேரம் மீட்புவேலை பார்க்கிறது என்று ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். 15 போட்டுப் பத்து நொடி காத்திருக்கப் பொறுமை இல்லாதவரிடம் ரூட் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஜாம்பி பிராசஸை 9ஆலும் கொல்ல முடியாது. அது ஏற்கெனவே இறந்தது. அதைத் தொடங்கிய தாய் பிராசஸ் இன்னும் வந்து கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

சுமைச் சராசரி 38 என்று பதறி எழுதியிருந்தீர்கள். சிபியு அதிகம் தின்னும் நிரலைத் தேடுங்கள் என்று நேற்று சொன்னேன். தவறு. சிபியு 95 சதவீதம் சும்மா இருக்கிறது என்று அதே செய்தியில் நீங்கள் எழுதியிருந்ததை நான் படிக்கவே இல்லை. லினக்ஸின் சுமைச் சராசரியில் சிபியுவுக்காக வரிசையில் நிற்பவர்கள் மட்டும் இல்லை. வட்டு பதில் தருவதற்காக அசைய முடியாமல் காத்திருப்பவர்களும் சேர்த்தி. 'பிஎஸ்' பட்டியலில் நிலை 'டி' என்று இருப்பவற்றை எண்ணுங்கள். 30க்கு மேல் இருந்தால், வலைவழி மவுண்ட் ஏதாவது ஒன்றின் மறுமுனை செத்துக் கிடக்கும்.

(அப்படியேதான் இருந்ததாம். வலைவழியாகக் கோப்புகளைத் தந்துவந்த பழைய என்எஃப்எஸ் சர்வரை யாரோ அணைத்துவிட்டார்கள்.)

மார்ச் 3

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை. இதற்குப் பல காரணங்களை வரிசையாகச் சொல்லலாம், ஆனால் பத்தில் எட்டு முறை முதலாவதுதான்: கிரானுக்கு உங்கள் ஷெல் அமைப்புகள் எதுவும் தெரியாது. அது கட்டளைகளைத் தேடும் பாதை மிகக் குறுகியது. நிரலுக்குள் கட்டளைகளின் முழுப் பாதையை எழுதுங்கள்.

ஒன்பதாவது முறை, சதவீதக் குறி. கிரான்டேப் வரியில் அந்தக் குறி வந்தால் கிரான் அதைப் புதிய வரி என்று எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது கட்டளையாகவே போகாது. பேக்கப் கோப்பின் பெயரில் தேதி சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் இங்கே விழுகிறார்கள், ஏனென்றால் 'டேட்' கட்டளைக்குத் தேதியை வடிவமைக்கச் சதவீதக் குறி வேண்டும். முன்னால் ஒரு பின்சாய்கோடு போடுங்கள், அல்லது எல்லாவற்றையும் ஒரு நிரல் கோப்புக்குள் தள்ளிவிட்டுக் கிரானில் அதன் பெயரை மட்டும் எழுதுங்கள். நான் இரண்டாவது கட்சி.

கிரான்டேபைத் திருத்த 'இ', முழுவதையும் அழிக்க 'ஆர்'. விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். 'ஆர்' அடித்தால் "உறுதியா" என்றுகூடக் கேட்காது. இதை வடிவமைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று நினைக்கிறேன். ஆகவே 'கிரான்டேப் -எல்' போட்டு ஒரு பிரதியை இப்போதே எடுத்து வையுங்கள், அந்த "தொடாதே" வரி உட்பட.

டெபியனில் தினசரி கிரான் வேலைகள் ஏன் காலை 6.25க்கு என்று கேட்டவருக்கு: /ஈடிசி/கிரான்டேபில் அப்படி எழுதியிருக்கிறது, மணிக்கொருமுறை வேலை 17ஆம் நிமிடத்தில், வார வேலை 6.47க்கு. முழு மணிக்கு எல்லாரும் தங்கள் வேலையை வைப்பார்கள். நெரிசலில் இருந்து விலகி நிற்பது நல்ல பழக்கம்தான்.

மார்ச் 10

சதவீதக் குறியைப் பற்றி எழுதியபோது ஒன்றை மறைத்துவிட்டேன். அந்தப் பள்ளத்தில் விழுந்தவன் நானே. கிரான் வரி தினமும் ஓடியது, பேக்கப் அடைவில் தினமும் கோப்பு வந்தது, நானும் தினமும் பட்டியலைப் பார்த்தேன். அளவு என்ற பத்தியை மட்டும் பார்க்கவில்லை. பதினோரு வாரங்களுக்குப் பூஜ்ய பைட். ஒருவர் வந்து போன மாதத்துக் கோப்பு ஒன்றைக் கேட்டபோதுதான் தெரிந்தது. அவரிடம் என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில், இரண்டாம் நிலைத் தரவுத்தள சர்வரில் அழிக்க வேண்டிய அடைவை ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால், வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாகக் கையால் எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அவர்கள் அதை ஒளிக்காமல் எல்லாவற்றையும் வெளியே எழுதினார்கள். அதற்காகவே அவர்கள்மீது எனக்கு மரியாதை.

நீங்கள் செய்ய வேண்டியது: மாதம் ஒருமுறை, ஏதாவது ஒரு கோப்பைப் பேக்கப்பிலிருந்து வேறொரு அடைவுக்கு மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். முதன்மை சர்வரில் ரூட்டாக இருக்கும்போது திரையின் தூண்டுவரி சிவப்பில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். சிவப்பைப் பார்த்தால் கை தானாகத் தயங்கும்.

மார்ச் 30

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்க வேண்டாம். நேற்று வெளியான எக்ஸ்இசட் செய்தியைப் படித்தீர்களா? கோப்புகளைச் சுருக்கும் அந்தச் சிறிய நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்வாசல் (திருட்டுத்தனமாக நுழையும் வழி) வைத்திருக்கிறார்கள். சில லினக்ஸ்களில் எஸ்எஸ்எச் சர்வர், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் நூலகத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது, அது எக்ஸ்இசட்டின் நூலகத்தை உள்ளே இழுக்கிறது. அந்தச் சங்கிலி வழியாகப் பின்வாசல் எஸ்எஸ்எச்சுக்குள் வந்துவிட்டது.

உங்கள் சர்வர்கள் டெபியனின் நிலைப்பதிப்பில் இருந்தால் இந்தப் பதிப்புகள் அங்கே வரவே இல்லை, நிம்மதியாக இருங்கள். 'எக்ஸ்இசட் --வெர்ஷன்' அடித்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரஸ் ஃபிராயின்ட் பாதுகாப்புத்துறைக்காரர் இல்லை, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் உருவாக்குநர். ஏதோ வேக அளவீடு செய்துகொண்டிருந்தவருக்கு எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறது என்று பட்டிருக்கிறது. அரை நொடி! நாமாக இருந்தால் வலை மெதுவாக இருக்கிறது என்று போயிருப்போம். அவருக்கு வழக்கமான நேரம் எவ்வளவு என்று தெரிந்திருந்தது. முதல் வாரம் நோட்டுப் புத்தகம் போடச் சொன்னேனே, எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் சுமை எவ்வளவு, நினைவகம் எவ்வளவு, வட்டு தினமும் எவ்வளவு வளர்கிறது என்பதையும் அதில் எழுதச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 13

412 நாள் பெருமையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எக்ஸ்இசட் விவகாரத்துக்குப் பிறகு என் சர்வர்களை எல்லாம் ஒருமுறை அலசினேன். அந்தப் பழைய சர்வரில் புதிய கர்னல்கள் வரிசையாக நிறுவப்பட்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்தது மட்டும் 480 நாள் பழையது. கர்னலை நிறுவுவது வேறு, அதில் ஓடுவது வேறு. மறுதொடக்கம் வரை பழையதுதான். இத்தனை நாளாக நான் பெருமையடித்தது, இத்தனை நாளாக ஓட்டைகளை அடைக்காமல் வைத்திருந்தேன் என்பதைத்தான்.

நேற்று மறுதொடக்கம் செய்தேன். எழவில்லை. கன்சோலில் பார்த்தால் ஏதோ ஒரு வட்டுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய் ரூட் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஒரு வருடத்துக்கு முன் கழற்றிய வட்டின் வரி எஃப்எஸ்டேபில் (எழும்போது மவுண்ட் ஆக வேண்டிய வட்டுகளின் பட்டியல்) அப்படியே இருந்தது. நான்தான் கழற்றினேன், நான்தான் அழிக்க மறந்தேன். வரியை நீக்கி எழுப்பினால், ஒரு செயலி வரவில்லை. எப்போதோ அதைத் 'ஸ்டார்ட்' செய்தவன் 'எனேபிள்' செய்யவில்லை. முதலாவது இப்போதைக்கு, இரண்டாவதுதான் ஒவ்வொரு முறை எழும்போதும். அதையும் சரிசெய்தால் ஃபயர்வால் விதிகளில் பாதி காணவில்லை. கையால் சேர்த்தவை, சேமிக்காதவை. ஒரு வருடத் தவறுகள் ஒரே காலையில் வரிசையாக வந்து வணக்கம் சொல்லின.

எஃப்எஸ்டேபைத் தொட்டால் உடனே 'ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை' அடியுங்கள், பிறகு 'மவுண்ட் -ஏ'. இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற வட்டுக்கு 'நோஃபெய்ல்' சேர்த்துவிடுங்கள். முக்கியமான மாற்றம் எதையும் செய்த அதே வாரத்தில், என்ன மாற்றினோம் என்பது நினைவிருக்கும்போதே, ஒருமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

ஏப்ரல் 21

ஃபயர்வாலை இயக்கிவிட்டு எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டைத் திறக்க மறந்து வெளியே நிற்கிறீர்களாம். சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

நான் வெளியே நின்றது வேறு வழியில். என் கணக்கை ஒரு புதிய குழுவில் சேர்க்க 'யூசர்மாட் -ஜி' (பெரிய எழுத்து ஜி) அடித்தேன், கூடச் சின்ன 'ஏ' போடவில்லை. அது புதிய குழுவில் சேர்த்துவிட்டு மற்ற துணைக்குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் என்னை நீக்கியது, சுடோ குழு உட்பட. வெளியேறி நுழைந்தபோதுதான் உறைத்தது: இனி எனக்கு அதிகாரம் இல்லை, அதைத் திருப்பிக் கொடுக்கவும் எனக்கு அதிகாரம் இல்லை.

நுழைவாயிலில் கைவைக்கும்போது என் வழக்கம் இது. இருக்கும் இணைப்பை மூடாமல் வைத்துக்கொள்வேன். மாற்றம் முடிந்ததும் இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்ப்பேன். ஃபயர்வால் என்றால் தொடங்கும் முன் 'அட்' கட்டளையில் "ஐந்து நிமிடம் கழித்து ஃபயர்வாலை அணை" என்று ஒரு வேலை வைத்துவிடுவேன். எல்லாம் சரி என்றால் அதை நீக்கிவிடலாம். நான் வெளியே மாட்டிக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் கதவு தானாகத் திறக்கும். எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றினால் சேவையைத் தொடும் முன் 'எஸ்எஸ்எச்டி -டி' பிழை இருந்தால் சொல்லிவிடும். சுடோ கோப்புக்கு விசுடோ அதே வேலையைச் செய்யும்.

மே 5

மூன்று மாதம் கழித்து உண்மை வருகிறது. அந்த 3.40 வரியை இங்கே கேள்வி கேட்ட அன்று மாலையே, கேட்பதற்கு முன்பே, நீங்கள் முடக்கிவிட்டிருந்தீர்கள். "தினமும் மறுதொடக்கம் செய்வது அபத்தமாகப் பட்டது" என்கிறீர்கள். பிப்ரவரி 4இல் முடக்கியது, பிப்ரவரி 11இல் வட்டு நிறைந்தது. ஏழு நாள்.

முந்தையவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அல்லது எதுவும் தெரியாமல் மருந்து மட்டும் தெரிந்திருக்கிறது. செயலி பழைய லாக்கை விடுவதில்லை, இடம் தீர்கிறது, மறுதொடக்கம் செய்தால் திரும்புகிறது. ஆகவே தினமும் ஒருமுறை செய்துவிடு, தொடாதே. நானும் அன்று எல்எஸ்ஓஎஃப் வரை போய் விளக்கினேனே தவிர, "போன வாரம் என்ன மாற்றினீர்கள்" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்த வரியைப் பற்றி ஒரு வாரம் முன்புதான் நானே பதில் எழுதியிருக்கிறேன், அது வேறு.

இனி அது தேவையா என்றால், லாக்ரொடேட்டைச் சரிசெய்துவிட்டீர்கள், ஆகவே தேவையில்லை. ஆனால் உடனே அழிக்காதீர்கள். முடக்கியபடியே வைத்து, "தொடாதே" என்பதற்குக் கீழே காரணத்தை எழுதுங்கள்.

மே 5, மாலை

எழுதியதை அனுப்பியிருக்கிறீர்கள்: "செயலி பழைய லாக்கைத் திறந்தே வைத்திருந்ததால் தினமும் மறுதொடக்கம். பிப்ரவரி 11, 2024 அன்று லாக்ரொடேட்டில் சரிசெய்யப்பட்டது. ஆகஸ்ட் வரை வட்டு நிறையாவிட்டால் இந்த வரியை நீக்கலாம்."

போதும். மேசையில் ஒட்டிய தாளில் 21ஆவதாக எல்எஸ்ஓஎஃப்பைப் பேனாவால் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அந்தத் தாளில் டாருக்கு என்ன விருப்பங்கள் போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், எனக்கு இப்போது வேண்டியிருக்கிறது.